நான் ஏறினால் மட்டும் கேட்ட சத்தம்

காவிரிப் பாலத்தின் நடுவில், ஓடுகிற காரின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முன்சக்கரத்துப் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். முக்காடு காற்றில் பறந்து முகத்தில் அடித்தது. எங்களைத் தாண்ட வந்த டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. படியில் நின்ற கண்டக்டர் குனிந்து எங்களைப் பார்த்தார்.

"வாந்தியா பாய்? ஓரங்கட்டுங்க. எலுமிச்சம்பழம் வச்சிருக்கீங்களா?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "என்ன சொன்னாரு?" என்றார்.

"வழி விடச் சொன்னாரு."

பஸ் போய்விட்டது. பாலத்தில் துண்டுக்குத் துண்டு ஒரு இணைப்பு வருகிறதல்லவா, அதில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் என் இடது காலுக்குக் கீழே 'டொக்' என்று ஒன்று. கூடவே, நாள்பட்ட கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது போல ஒரு முனகல்.

"இப்பக் கேட்டுச்சா?"

"எது?"

"இதோ, இப்ப."

"நீ பேசுனது கேட்டுச்சு" என்றார்.

கீழே ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சக்கரம் கழன்று ஓடினால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தாங்குமா என்று யோசித்துக்கொண்டே ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். போன வாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என் தலையில் விழுந்துவிடும் என்று நான் சமையலறையை மாற்றிய கதையைப் படித்துவிட்டு, என் நாத்தனார் போன் செய்து சிரித்தாள். பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது.

ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் நசீமா முசிறியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நாங்கள் போய் அவளை அழைத்து வருவதாக ஏற்பாடு. எங்கள் பழைய அம்பாசிடரில்தான் அழைத்து வருவேன் என்று அவளுடைய அத்தா, அதாவது என் வீட்டுக்காரர், ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் பிடிவாதம் எனக்குப் புரியாமல் இல்லை. மகள் பிறந்தபோது அவர் சவுதியில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அங்கேதான். அவளை ஸ்கூலுக்குக் கொண்டு விட்டதும் கூட்டி வந்ததும் ஒரு ஆட்டோக்காரர். "அவ பொறந்ததை நான் டெலிபோன்ல கேட்டேன்" என்றார் என்னிடம். "இந்தத் தடவை நானே போய் என் வண்டியில கூட்டிட்டு வரேன். இதைக் கெடுத்துடாத."

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "சத்தம் நின்னா உங்க வண்டி. நிக்கலைன்னா வாடகைக் கார். வயித்துப் புள்ளக்காரிய டொக்கு டொக்குன்னு கொண்டுவர முடியாது."

"சத்தமே இல்லைங்குறேன்."

"இருக்குங்குறேன்."

இப்படியே அந்த வாரம் ஆரம்பித்தது.

ரயில்வே கேட்டும் தையல் மிஷினும்

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குச் சோகமான கதை எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு இருந்த பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தண்டவாளத்தைத் தாண்டும்போது நடுவில் கால் மாட்டிக்கொள்ளும் என்று முதல் நாளே அழுதேன். மறுநாளும் அழுதேன். அடுத்த வாரம் வீட்டில் "சரி, வேணாம் விடு" என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்கும் அவ்வளவு நேரமில்லை.

பதிலுக்கு ஒரு தையல் மிஷின் கிடைத்தது. மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் சந்தில் ஜாக்கெட், பாவாடை, புர்கா எல்லாம் தைத்தேன். மிஷினில் ஊசி வளைந்தால் ஒரு சத்தம், நூல் சிக்கினால் வேறொரு சத்தம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். பயந்தவளுக்குக் காது கூர்மையாகத்தான் இருக்கும். ராத்திரி பூனை நடந்தாலும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு நேர் எதிர். பல வருடங்கள் அவர் வேலை பார்த்தது ஜெனரேட்டர் அறையில். பெரிய பெரிய இயந்திரங்கள். திரும்பி வந்தபோது பெட்டி நிறைய சாமான் கொண்டுவந்தார், காதைக் கொஞ்சம் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். டிவியின் சத்தத்தை அவர் ஏற்றுவார், நான் குறைப்பேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. "நீ வாய்க்குள்ளேயே பேசுற" என்பார். நானும் சரி என்று உரக்கப் பேசிவிடுவேன்.

முழு டைட்டு

அந்தக் காரை அவர் கைலாசபுரத்தில் வாங்கினார். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு போகிறவர், அழாத குறையாகச் சாவியைக் கொடுத்தார். வெளிர்பச்சை நிறம். முன்சீட்டு நம் வீட்டு சோபா மாதிரி ஒரே நீளமாக இருக்கும். எங்கள் சந்துக்குள் அது நுழையாது. சந்து முனையில் தெரிந்தவர் ஒருவருடைய மூடிக்கிடக்கும் கிடங்கின் முற்றத்தில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

அந்த முற்றம்தான் அவருடைய இன்னொரு வீடு. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்தால் நேரே அங்கே போய்விடுவார். கழற்றுவார், துடைப்பார், கிரீஸ் அடிப்பார், மாட்டுவார். இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதர், கை சும்மா இருக்காது.

மழைக்காலத்துக்கு முன் ஒருநாள், முன்சக்கரத்தில் இருந்த பழைய ரப்பர்களை எல்லாம் மாற்றினார். சக்கரத்தைத் தாங்குவதற்கு அடியில் ஒரு இரும்புக் கை இருக்கிறது. பள்ளம் மேட்டுக்குத் தகுந்தபடி அது மேலும் கீழும் ஆடும். அது ஆடுகிற இடத்தில் இரும்பும் இரும்பும் இடிக்காமலிருக்க நடுவில் தடிமனான ரப்பர் வளையம். அதற்குப் பெயர் புஷ். இவ்வளவும் எனக்கு அந்த வாரத்தில் தெரிந்தது.

மாற்றிவிட்டு வந்து, "முழு டைட்டு வச்சிருக்கேன். ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி முறுக்கினேன். இனி அம்பது வருஷத்துக்கு அசையாது" என்றார். சவுதியில் அப்படித்தான் முறுக்குவார்களாம்.

சத்தம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. நான் அதைச் சொன்னால் அவர் கைவேலையைக் குறை சொன்னதாக ஆகிவிடும். அதனால் பொதுவாக, "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

தனியாக ஓட்டுகிற மெக்கானிக்

ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் சம்பத்தின் ஷெட். பழைய கார்கள் மட்டும்தான் பார்ப்பார். கோயிலில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடு வருவார். மத்தியானத்துக்குள் அதன் மேல் குறுக்காக ஒரு கிரீஸ் கோடு விழுந்திருக்கும். என் வீட்டுக்காரரைவிட வயதில் சின்னவர், வாயில் பெரியவர்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது வண்டிக்குச் சொந்தக்காரர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

"வண்டிக்காரா பக்கத்துல ஒக்காந்தா, இதோ வந்தது, அதோ வந்ததுன்னு சொல்லிண்டே வருவா. அப்புறம் எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்கும். நான் தனியாப் போய்ட்டு வந்துடறேன் அக்கா."

தனியாகப் போனார். கொள்ளிடம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒண்ணும் இல்லையே. வெண்ணெய் மாதிரி போறது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஆனாலும் சம்பத் நல்ல மனிதர். அக்கா வீணாக வரமாட்டாள் என்று ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஷாக் அப்சர்பருக்கு எண்ணெய் ஊற்றினார். ஸ்டியரிங் பக்கம் ஒரு மூட்டு லேசாகத் தேய்ந்திருந்தது, மாற்றினார். கிரீஸ் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் கிரீஸ் போனது. திரும்பத் தனியாக ஓட்டினார். திரும்ப வெண்ணெய்.

நாங்கள் கிளம்பினோம். பாலம் வந்தது. டொக்.

மறுநாள் என் செல்போனில் பதிவு செய்துகொண்டு போனேன். சம்பத் காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "அக்கா, இதுல நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது நன்னாக் கேக்கறது. நடுவுல ஒரு லாரி ஹாரன். வேற ஒண்ணும் கேக்கலை."

"சண்டைக்கு அடியில கேளுங்க."

"அடியிலயும் சண்டைதான்."

அரிசி மூட்டை

வியாழக்கிழமை மூன்றாம் தடவையாகப் போனோம். மறுநாள் முசிறி. வாடகைக் கார்காரரின் நம்பரை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம்.

சம்பத் தனியாக ஓட்டிவிட்டு வந்து கையை விரித்தார்.

"நான் சொல்லட்டுமா சம்பத்து?" என்றார் என் வீட்டுக்காரர். "வண்டியில கோளாறு இல்ல. நீ ஓட்டுனா சத்தம் இல்ல. நான் தனியா ஓட்டுனா சத்தம் இல்ல. இவ ஏறுனா சத்தம், இவ எறங்குனா இல்ல. இவளைத்தான் ஷெட்டுக் குழிக்கு மேல நிறுத்தி கிரீஸ் அடிக்கணும்."

சம்பத் சிரிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், இப்பச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"கிரீஸ் அடிக்கணும்."

"அதில்லை. அதுக்கு முன்னாடி."

"இவ ஏறுனா சத்தம்."

"அக்கா எப்பவும் இடது பக்க முன்சீட்டுலதானே ஒக்காருவேள்?"

ஆமாம் என்றேன். டிக்கியில் அரிசி மூட்டை ஒன்று இருந்தது. மகள் வந்ததும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு பிரியாணி போடுவதற்காக அன்று காலைதான் வாங்கிய சீரகச் சம்பா. சம்பத் அதை இறக்கி, என் இடத்தில் உட்கார வைத்தார். மூட்டை சாயாமலிருக்க ஒரு பழைய டயரை முட்டுக் கொடுத்தார்.

"உங்களை ஏத்தினா நீங்க பேசுவேள். மூட்டை பேசாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நாங்கள் ஷெட் வாசலில் நின்றோம். தெருத் திருப்பத்தில் வேகத்தடை ஒன்று உண்டு. வண்டி அதில் ஏறியது. இறங்கியது. நின்றது. பின்னால் வந்து மறுபடியும் ஏறியது. அங்கிருந்தே சம்பத் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நாள் என் தலைக்குள் கேட்ட சத்தம் இன்னொருவர் காதுக்கும் கேட்டுவிட்டது. மூட்டைதான் சாட்சி.

உள்ளங்கை

அடியில் நின்று வேலை பார்க்க ஷெட் தரையில் வெட்டியிருந்த குழிக்கு மேல் காரை ஏற்றி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். மூட்டை சீட்டிலேயே இருந்தது. சம்பத் குழிக்குள் இறங்கி, "பாய், இடது மட்கார்டைப் பிடிச்சு அமுக்கி அமுக்கி விடுங்கோ" என்றார். இவர் அமுக்கினார். வண்டி மூக்கு இறங்கி ஏறியது. டொக். முனகல். டொக்.

"பாய், நீங்க இறங்கி வாங்கோ. அக்கா, நீங்க அமுக்குங்கோ."

இவர் குழிக்குள் இறங்கினார். நான் இரண்டு கையாலும் அமுக்கினேன். குனிந்தால் அவர் முகம் தெரிந்தது.

"கேக்கறதா பாய்?"

அவர் காதை இரும்பின் பக்கம் சாய்த்தார். சம்பத் அவருடைய கையைப் பிடித்து, இரும்புக் கை வந்து சேருகிற இடத்தில் வைத்தார். "கேக்க வேண்டாம். இங்க வெச்சுண்டு இருங்கோ."

நான் அமுக்கினேன். அவர் புருவம் உயர்ந்தது. "இன்னொரு தடவை" என்றார். அமுக்கினேன். உள்ளங்கையை எடுக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா ஜமீலா. இருக்கு."

சம்பத் அவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். "இந்த போல்ட்டை முறுக்கும்போது வண்டி ஜாக்கியில இருந்துதா?"

"ஆமா. சக்கரத்தைக் கழட்டிட்டுத்தான் செஞ்சேன்."

"அதுதான் விஷயம். சக்கரம் தொங்கிண்டிருக்கும்போது முழு டைட்டு வெச்சுட்டேள். ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுண்டுடுத்து. வண்டியை இறக்கினதும் அது முறுக்கிண்டு நிக்கறது. ஒருத்தர் ஏறினா இன்னும் முறுக்கல். பாருங்கோ, ஒரு பக்கம் கிழிஞ்சு இரும்பு தொடறது. புது ரப்பர் போட்டு, போல்ட்டை லேசா வெச்சுண்டு, வண்டியைத் தரையில நிறுத்தி, ஆளை ஏத்திட்டு அப்புறம் முறுக்கணும்."

"அங்க எல்லாம் மெஷினை ஆணியடிச்ச மாதிரி நிறுத்தித்தான் முறுக்குவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது நடமாடற மெஷின் பாய்."

"சக்கரம் கழண்டு ஓடியிருக்குமா?" என்று நான் மேலிருந்து கேட்டேன்.

"ஓடியிருக்காது. ஆனா கை நிறைய வேலை வெச்சிருக்கும்."

புது ரப்பர் போட்டாயிற்று. வண்டி மறுபடி குழிக்கு மேல் வந்தது. "இப்ப ஆள் ஏறணும்" என்றார் சம்பத். "ஓட்டற இடத்துல பாய். இந்தப் பக்கம் அக்கா. மூட்டை போதும், ரெஸ்ட் எடுக்கட்டும்."

வண்டிக்கு அடியில் ஒரு மனிதர், மேலே நான். கல் நகர்ந்துவிட்டால்? ஹேண்ட் பிரேக் அறுந்துவிட்டால்? அவர் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். கீழே ஸ்பேனர் திரும்பும் ஓசை கேட்டது.

"அக்கா, மூச்சு விடலாம். நீங்க மூச்சை இழுத்துண்டா வண்டி எடை கொறையாது."

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பேசாமல் வந்தவர் சிரித்ததும்தான் நான் மூச்சு விட்டேன்.

முசிறி ரோடு

வெள்ளிக்கிழமை மத்தியானம் முசிறி போனோம். சம்பந்தியம்மா விருந்து வைத்து, பழமும் பலகாரமுமாக டிக்கியை நிரப்பி, நசீமாவை அணைத்துக்கொண்டு அழுதார். "புள்ள பத்து நாளா தூங்கவே இல்லைங்க. அந்தப் பக்கம் படுத்தா மூச்சு முட்டுது, இந்தப் பக்கம் படுத்தா இடுப்பு வலிக்குது" என்றார்.

நசீமாவை முன்சீட்டில் அவள் அத்தா பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரே நீளச் சீட்டு என்பதால் தலையணை வைத்து நன்றாகச் சாய முடிந்தது. நான் பின்னால். ஒரு பக்கம் வாழைத்தோட்டம், ஒரு பக்கம் காவிரி. அவர் ஓட்டுகிற ஓட்டத்தைப் பார்த்து ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது.

"அத்தா, இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாம்" என்றாள்.

"போலாம்" என்றார். போகவில்லை.

குணசீலம் வருவதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் தூங்கிய மாதிரியே தூங்கினாள். ஒரு சிறு பாலம் வந்தது. ஏறினோம், இறங்கினோம். என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைத் தேடினார்.

"சத்தம் இருக்கா?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "இல்லை" என்று தலையை ஆட்டினேன்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, பாலத்தையும் தாண்டி, கடைவீதி நெரிசலுக்குள் புகுந்து கிடங்கு முற்றத்தில் வண்டி நின்றபோதும் அவள் விழிக்கவில்லை. எழுப்பக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நாள் தூங்காதவள்.

அந்த நேரம் பார்த்து எதிரே இருக்கிற பாத்திரக் கடைக்கு லாரி வந்து நின்றது. பின்கதவை 'டமார்' என்று திறந்தார்கள். உள்ளே லாரி நிறைய எவர்சில்வர் குடம். மேலே இருந்தவர் ஒன்றைத் தூக்கிக் கீழே போட்டார். அது தெருவில் உருண்டு ஓடி, சந்து முழுக்கக் கணகணவென்று மணி அடித்தது. நசீமா முகத்தைச் சுளித்துப் புரண்டாள்.

நான் செருப்பைக் கூடப் போடாமல் ஓடினேன். வாழ்நாளில் ஒரு அந்நிய ஆணிடம் இவ்வளவு தைரியமாக நான் பேசியதில்லை.

"தம்பி, கொஞ்சம் மெதுவா எறக்குங்கப்பா."

"என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் சுமை இறக்குகிறவர்களின் மேஸ்திரி.

"பொண்ணு தூங்குது. முழுகாம இருக்கா. இப்பதான் கொஞ்ச நேரமா கண்ண மூடியிருக்கா."

அவர் என்னைத் தாண்டி வந்து, கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, காவலுக்கு நிற்பது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரையும் பார்த்தார். திரும்பிப் போய் லாரிக்கு மேலே நின்றவரிடம் ஏதோ சொன்னார். என் காதுக்கே கேட்காத அளவு மெதுவாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு லாரியிலிருந்து கடை வரைக்கும் வரிசையாக நின்று, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் குடங்களைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு கையாலும் கொடுத்தார்கள். லாரி காலியாகும் வரை ஒரு குடம் கூட இன்னொன்றின் மேல் இடிக்கவில்லை.